அசையாத 6.50

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. கம்ப்ரசர் அறையில் இருந்த பிரஷர் கன்ட்ரோலரிலிருந்து நூற்றைம்பது மீட்டர் தள்ளியிருந்த சூப்பர்வைசர் அறைக்கு ஒயர் இழுத்து, கம்ப்யூட்டர் திரையில் காற்றழுத்தம் தெரியும்படி செய்து கொடுத்தேன். திரையில் 6.50 பார் என்று வந்தது. கன்ட்ரோலரின் முகப்பிலும் ஏறக்குறைய அதே எண்தான். டீ வந்தது. வேலை முடிந்ததாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

மூன்று வாரம் கழித்து போன். ஆட்டோகோனர்கள் எல்லாம் நின்றுவிட்டன. அறுந்த நூலை முடிச்சுப் போடாமல், காற்றைப் பீய்ச்சியே இழைகளைப் பின்னி ஒட்டுகிற இயந்திரம் அது. காற்று இளைத்தால் அதற்கு வேலை ஓடாது. கம்ப்ரசர் சூடேறி டிரிப் ஆகி வெகுநேரம் ஆகியிருந்தது. குழாயில் அழுத்தம் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. திரையில் மட்டும் அதே 6.50.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொல்ல, கன்ட்ரோலர் எப்படிப் பேசுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரஷர் கன்ட்ரோலர் செய்யும் வேலை எளிது. குழாயில் இப்போது எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று பார்க்கும். எவ்வளவு இருக்க வேண்டும் என்று நாம் வைத்த செட் பாயின்டோடு ஒப்பிடும். வித்தியாசத்துக்கு ஏற்ப வால்வைத் திறக்கும், மூடும்; அல்லது கம்ப்ரசர் மோட்டாரின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். அழுத்தத்தை அதற்குச் சொல்வது குழாயில் மாட்டிய டிரான்ஸ்மிட்டர். இந்த இருவருக்கும் இடையே பல பத்தாண்டுகளாக ஓடுவது 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டம். பூஜ்யம் பார் என்றால் 4, பத்து பார் என்றால் 20. ஆறரை பாருக்கு 14.4.

பூஜ்யத்துக்கு ஏன் 4? பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்றே வைத்திருக்கலாமே என்று முதல் நாள் வேலைக்கு வரும் பையன் கேட்பான். அப்படி வைத்தால் குழாயில் அழுத்தம் இல்லாததும் எலி ஒயரைக் கடித்ததும் ஒன்றுபோலவே தெரியும். 4 வைத்தால், மின்னோட்டம் அதற்குக் கீழே விழுந்ததுமே ஒயர் போச்சு என்று தெரிந்துவிடும். மின்சாரத்துக்கு முன்பு காற்றாலேயே செய்தி அனுப்பிய காலத்திலும் இதே தந்திரம்தான்: 3 முதல் 15 பிஎஸ்ஐ. செத்தால் செத்தேன் என்று சொல்லத் தெரிந்த ஒயர் அது. இதை மனதில் வையுங்கள். பிறகு வந்த நெட்வொர்க் இந்தக் குணத்தைத் தானாகக் கொண்டுவரவில்லை.

அந்த ஒயருக்கு ஒரு குறை உண்டு. ஒரு ஜோடி கம்பியில் ஒரே ஒரு எண்தான் போகும். சூப்பர்வைசருக்கு அழுத்தம் தெரிய வேண்டும், செட் பாயின்ட் தெரிய வேண்டும், அலாரம் தெரிய வேண்டும், உட்கார்ந்த இடத்திலிருந்தே செட் பாயின்டை மாற்றவும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி என்றால் சுவரெல்லாம் கம்பிதான். அதனால்தான் கன்ட்ரோலரின் முதுகில் இன்னொரு டெர்மினல் வைத்தார்கள். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் அது ஆர்எஸ்-485. 1983-ல் அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் வெளியிட்ட தரநிலை.

இரண்டு கம்பிகள். செய்தி இருப்பது எந்த ஒரு கம்பியின் வோல்டேஜிலும் அல்ல, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில். பஸ் குழியில் இறங்கினால் ஒரே சீட்டில் உட்கார்ந்திருக்கும் இருவரும் சேர்ந்தே குலுங்குவார்கள். ஆனால் யார் உயரம், யார் குட்டை என்பது மாறாது. மோட்டார்களின் மின் இரைச்சல் இரண்டு கம்பிகளையும் ஒன்றாகக் குலுக்கட்டும் என்றுதான் அவற்றை முறுக்கி விடுகிறார்கள். வித்தியாசம் 200 மில்லிவோல்ட் இருந்தாலே கேட்பவனுக்குப் புரிந்துவிடும். இதே ஜோடியில் 32 கருவிகளை வரிசையாகக் கோக்கலாம். மெதுவாகப் பேசினால் 1,200 மீட்டர் வரைக்கும் போகலாம்.

கம்பி பாதைதான். அதில் என்ன மொழி பேசுவது? 1979-ல் மாடிகான் நிறுவனம் ஆலை இயந்திரங்களை இயக்கும் தன் சின்னக் கம்ப்யூட்டர்கள், அதாவது பிஎல்சிகள், தங்களுக்குள் பேசிக்கொள்ள வகுத்த மோட்பஸ் என்ற மொழியை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டது. பிஎல்சி என்ற இயந்திரத்தையே உலகுக்குத் தந்த கம்பெனி அது. அந்த மொழியின் கையேட்டு அட்டையில் அச்சாகியிருந்த முகவரி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள நார்த் ஆண்டோவர் என்ற சிற்றூர். அந்த ஊருக்குப் பிறகு வருவோம்.

மோட்பஸ் புரிய ஒரு பழைய வகுப்பறை போதும். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து எண்ணைக் கூப்பிடுவார். அந்த எண்ணுக்குரியவன் மட்டும் எழுந்து பதில் சொல்வான். கூப்பிடாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. கன்ட்ரோலர்களுக்கு 1 முதல் 247 வரை எண் தரலாம். 0 என்று கூப்பிட்டால் எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேருக்கு ஒரே எண் கொடுத்துவிட்டால்? இருவரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், ஆசிரியருக்கு ஒன்றும் புரியாது. புதிதாக வாங்கிய நான்கு கன்ட்ரோலர்களும் பெட்டியிலிருந்து வரும்போது பெரும்பாலும் 1 என்ற எண்ணோடுதான் வரும். நான்கையும் அப்படியே மாட்டிவிட்டு நெட்வொர்க் வேலை செய்யவில்லை என்று போன் செய்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

எண்ணைத் தவிர, பேசும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். பாட் ரேட் என்கிறோமே, அது. கூடவே பாரிட்டி, ஸ்டாப் பிட். மோட்பஸ் விதிப்புத்தகம் 19,200 வேகமும் ஈவன் பாரிட்டியும் இயல்பாக இருக்கட்டும் என்கிறது. கடையில் கிடைக்கும் சின்னக் கருவிகளில் பல 9,600, பாரிட்டி இல்லை என்று வருகின்றன. கன்ட்ரோலரின் மெனுவில் இருப்பதைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து கம்ப்யூட்டரிலும் அதையே போட்டால் தீர்ந்தது. இதில் பெரிய அறிவியல் ஒன்றும் இல்லை.

ஒயரிங்கைப் பற்றி ஒரு சண்டை போட வேண்டும். லைன் பேசவில்லை என்றால் உடனே இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட்டாயா என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ரெசிஸ்டர் எதற்கு? கம்பியின் முனைக்குப் போன சிக்னல் எதிரொலியாகத் திரும்பி வந்து அடுத்த எழுத்தைக் குழப்பாமல் இருக்க. கணக்குப் போட்டுப் பாருங்கள். கேபிளில் சிக்னல் ஒரு மீட்டர் போக சுமார் 5 நானோ நொடி. 150 மீட்டர் போய்த் திரும்ப ஒன்றரை மைக்ரோ நொடி. 9,600 வேகத்தில் ஒரு பிட் நீடிப்பது 104 மைக்ரோ நொடி. எதிரொலி அடங்கி வெகுநேரம் கழித்துதான் அடுத்த பிட்டே வருகிறது. வேகமும் நீளமும் கூடினால் ரெசிஸ்டர் கட்டாயம். போடுவது நல்ல பழக்கமும்தான். ஆனால் ஆலைகளில் லைன் படுக்கிற காரணம் வேறு. ஏ, பி கம்பிகள் மாறியிருக்கும்: தரநிலை சொல்லும் ஏ-வும் சில தயாரிப்பாளர்கள் அச்சடிக்கும் ஏ-வும் நேர் எதிரானவை. மாற்றி மாட்டினால் ஒன்றும் புகையாது, திருப்பி மாட்டிப் பார்த்தால் போதும். மூன்றாவது கம்பியை, அதாவது காமனை, தேவையில்லை என்று வெட்டி விட்டிருப்பார்கள். இரு முனைகளின் பூமி மட்டமும் வேறுபட்டு மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் என்ற எல்லையைத் தாண்டினால் சிப் திணறும். அல்லது மோட்டார் டிரைவின் பவர் கேபிளோடு ஒரே டிரேயில் இதையும் கட்டிப் போட்டிருப்பார்கள்.

இனி என் தப்பு.

கன்ட்ரோலருக்குள் எண்கள் வரிசையான அறைகளில் இருக்கின்றன. ரிஜிஸ்டர் என்பார்கள். ஒவ்வொரு அறையிலும் 16 பிட் எண் ஒன்று. ரேஷன் கடைச் சுவரில் வரிசையாகச் சின்னப் புறாக்கூடுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். எதில் என்ன இருக்கிறது என்று கூட்டின் மேல் எழுதியிருக்காது, கையேட்டில்தான் இருக்கும். கையேடு சொன்னது: 40001-ல் அழுத்தம், 40002-ல் செட் பாயின்ட். முன்னால் நிற்கும் 4 என்பது வகையைக் குறிக்கும் அடையாளம், கம்பியில் போகாது. கம்பியில் போகும் முகவரி பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும். ஆக, 40001-ஐக் கேட்க 0 என்று அனுப்ப வேண்டும். 01 03 00 00 00 01 என்று கேட்டு, பின்னால் பிழை பார்க்கும் இரண்டு பைட் சேர்த்தால் அதன் பொருள்: ஒன்றாம் எண்ணே, மூன்றாம் வகை வேலையாக, பூஜ்யத்தில் தொடங்கி ஒரு ரிஜிஸ்டரைப் படித்துச் சொல். சில மென்பொருள்கள் நாம் 1 போட்டால் தாமே ஒன்றைக் கழித்துக்கொள்ளும். சில கழிக்காது. நான் பயன்படுத்தியது கழிக்காத ரகம். நான் போட்டது 1.

விளைவு: மூன்று வாரமாகத் திரையில் நின்றது குழாயின் அழுத்தம் அல்ல. நாம் வேண்டுமென்று கேட்ட அழுத்தம். கன்ட்ரோலர் நன்றாக வேலை செய்த நாட்களில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிழை பார்க்கும் பைட்கள் சரியாகவே இருந்தன. ஒரு செய்தி கூடத் தொலையவில்லை. தவறான கூட்டிலிருந்து சரியான எண்ணை நெட்வொர்க் பழுதில்லாமல் சுமந்து வந்திருக்கிறது.

பக்கத்துக் கூடு காலியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். இல்லாத முகவரியைக் கேட்டால், அப்படி ஒரு முகவரி இல்லை என்ற பிழைச் செய்தியைக் கன்ட்ரோலரே திருப்பி அனுப்பும். எண்ணின் பொருள் பிசகும் மற்ற வழிகளும் பெரும்பாலும் தாமே காட்டிக் கொடுத்துவிடும். 6.50 பார் என்பது ரிஜிஸ்டரில் 650 என்று இருக்கும். புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்தால் 65 பார் என்று வரும், யாரும் நம்ப மாட்டார்கள். வேக்குவம் குழாயில் மைனஸ் 0.80 இருக்கும்போது மைனஸ் குறியைப் புரிந்துகொள்ளாத மென்பொருள் அதை 654.56 என்று காட்டும். சில கருவிகள் தசம எண்ணை இரண்டு ரிஜிஸ்டர்களில் பிரித்து வைக்கும்: 6.5 என்றால் 16592, அடுத்து 0. எது முன்னால், எது பின்னால் என்பதில் தயாரிப்பாளர்களிடையே ஒற்றுமை கிடையாது. மாற்றிப் படித்தால் பூஜ்யத்தை ஒட்டிய ஏதோ தூசி வரும். இவையெல்லாம் கூச்சல் போடும் தவறுகள். செட் பாயின்டை அழுத்தம் என்று காட்டுவது கூச்சல் போடாத தவறு.

இப்போது நார்த் ஆண்டோவர். 2018 செப்டம்பர் 13 அன்று அந்த ஊரிலும் பக்கத்து லாரன்ஸ், ஆண்டோவர் ஊர்களிலும் வீடுகளுக்குச் செல்லும் எரிவாயுக் குழாய்களில் அழுத்தம் எகிறியது. வீடுகள் தீப்பிடித்தன, வெடித்தன. 131 கட்டடங்கள் சேதம். ஓர் இளைஞர் இறந்தார். அன்று தோற்றவை மோட்பஸ் பேசும் கருவிகள் அல்ல, இயந்திர வகை ரெகுலேட்டர்கள். ஆனால் தவறு என்னுடையதன் அண்ணன். பழைய வார்ப்பிரும்புக் குழாயை நிறுத்தி, புதிய பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. ரெகுலேட்டர் அழுத்தத்தை மோப்பம் பிடிக்கும் சின்னக் குழாய் மட்டும் பழைய குழாயிலேயே இருந்துவிட்டது. துண்டிக்கப்பட்ட அந்தப் பழைய குழாயில் அழுத்தம் இறங்க இறங்க, ஊரில் எரிவாயு போதவில்லை என்று நினைத்து ரெகுலேட்டர் வால்வைத் திறந்துகொண்டே போனது. அது பார்த்த எண் சரி. பார்த்த குழாய்தான் தவறு.

எரிவாயு வழங்கிய கம்பெனியின் கண்காணிப்பு அறை ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸில் இருந்தது, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி. மாலை 4.04-க்கும் 4.05-க்கும் உயர் அழுத்த அலாரங்கள் அங்கே வந்து சேர்ந்தன. தொடர்பு சரியாகவே வேலை செய்தது. ஆனால் அங்கிருந்து வால்வை மூடவோ திறக்கவோ வசதி இல்லை. களத்தில் இருப்பவர்களுக்குத் தகவல் சொல்லத்தான் முடியும். 4.06-க்குச் சொன்னார்கள். பொதுமக்களின் முதல் அவசர அழைப்பு 4.11-க்கு. ரெகுலேட்டர் நிறுத்தப்பட்டபோது மணி ஏறக்குறைய 4.30.

அப்படியானால் எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே இயக்கிவிடலாமா? அங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 9,600 வேகத்தில் ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் இடைவெளிகளோடு சேர்த்து 30 முதல் 50 மில்லி நொடி ஆகிவிடும். முப்பது கருவிகள் என்றால் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நொடி முதல் ஒன்றரை நொடி வரை. ஒரு கருவி செத்திருந்தால் அதன் பதிலுக்குக் காத்திருந்தே சுற்று இன்னும் நீளும். அழுத்தமோ அதற்குள் ஏறி இறங்கிவிடும். ஆகவே வால்வை ஆட்டும் வேலை எப்போதும் கன்ட்ரோலருக்குள்ளேயே நடக்கட்டும். செட் பாயின்டை மட்டும் நெட்வொர்க் சொல்லட்டும். கம்பி அறுந்தால் என்ன செய்வது என்பதையும் கன்ட்ரோலருக்கே முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும்: கடைசி செட் பாயின்டிலேயே நிற்பதா, பாதுகாப்பான ஒன்றுக்கு இறங்குவதா என்று.

செட் பாயின்ட் எழுதுவதிலும் ஒரு பொறி இருக்கிறது, அனுபவசாலிகளே விழுவது. பல கன்ட்ரோலர்கள் நாம் எழுதும் எண்ணை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் போடுகின்றன. அந்த நினைவகத்துக்கு எழுதும் ஆயுள் உண்டு. ஒரு லட்சம் முறை என்று பொதுவாகச் சொல்வார்கள். கம்ப்யூட்டரில் நொடிக்கு ஒருமுறை அதே செட் பாயின்டைத் திரும்பத் திரும்ப எழுதும்படி நிரல் போட்டுவிட்டால், நாளுக்கு 86,400 முறை. மறுநாளே ஆயுள் முடிந்தது. எண் மாறினால் மட்டும் எழுது என்று ஒரு வரி சேர்த்தால் கருவி பிழைக்கும். தற்காலிக எண்ணுக்கென்று தனி ரிஜிஸ்டர் தரும் கருவிகளும் உண்டு; கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் குறைவு.

இன்னொன்று. மோட்பஸில் கேட்பவர் யார் என்று கன்ட்ரோலர் கேட்காது. கடவுச்சொல் இல்லை, அடையாளம் இல்லை. 1979-ல் கம்பி ஆலைக்குள்ளேயே இருந்தது, தேவைப்படவில்லை. இப்போது அதே மொழி 502 என்ற போர்ட் வழியாக ஈதர்நெட்டிலும் ஓடுகிறது. 2024 ஜனவரியில் உக்ரைனின் லிவிவ் நகரில், உறையும் குளிரில், அறுநூறுக்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு ஏறக்குறைய இரண்டு நாள் வெப்பமூட்டல் நின்றுபோனது. யாரோ மோட்பஸ் கட்டளைகளை அனுப்பிக் கருவிகளைக் குழப்பியிருந்தார்கள். மோட்பஸைத் தாண்டியும், திரையையே ஏமாற்றிய தாக்குதல் உண்டு: ஈரானின் நதான்ஸ் யுரேனிய ஆலையைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் 2010-ல் வெளியே தெரிந்தது. அதன் முந்தைய வடிவம் செய்தது இன்னும் நுட்பம். சுழலிகளில் வாயு வெளியேறும் வால்வுகளை மூடி அழுத்தத்தை ஏற்றும். ஏற்றுவதற்கு முன்னால், எல்லாம் நன்றாக இருந்த 21 நொடியின் அளவீடுகளைப் பதிவு செய்துவைத்து, அதையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருக்கும். ஆபரேட்டர் பார்க்கும் திரையில் எப்போதும் அதே நல்ல 21 நொடி. எண்கள் ஆடாமல் நின்றால் யாராவது சந்தேகப்படுவார்கள் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஆடும் எண்களாகவே பதிவு செய்தார்கள்.

எனக்கு அது அன்றைக்குத் தெரியவில்லை. நிஜமான காற்றழுத்தம் ஒருபோதும் அசையாமல் நிற்காது. ஓர் இயந்திரம் காற்றை இழுக்கும்போது இம்மி இறங்கும், கம்ப்ரசர் ஈடுகட்டும்போது இம்மி ஏறும். மூன்று வாரம் இரண்டு தசமத்திலும் பிசகாத எண்ணைப் பார்த்ததுமே முகவரியைச் சந்தேகித்திருக்க வேண்டும்.

ஆலைக்குப் போனதும் 1-ஐ 0 ஆக்கினேன். இந்த முறை திரையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. டிரான்ஸ்மிட்டரின் ஐசோலேஷன் வால்வை மூடி, கைப்பம்பை மாட்டி, ஃபிட்டரை இரண்டு பார், ஐந்து பார், எட்டு பார் என்று ஏற்றச் சொன்னேன். சூப்பர்வைசர் அறையில் ஒருவர் எண்ணைப் படிக்க, போனிலேயே ஒப்பிட்டோம். பிறகு டிரான்ஸ்மிட்டர் ஒயரைக் கழற்றினேன். திரையில் எண் மறைந்து சிவப்பு வர வேண்டும், வந்தது. கடைசியாக நெட்வொர்க் கம்பியையே உருவினேன். திரையில் கடைசி எண் அப்படியே நின்றது. மென்பொருளுக்குள் போய், மூன்று முறை கேட்டும் பதில் இல்லை என்றால் எண்ணை அழித்துக் கோடு போடு என்று மாற்றிய பிறகுதான் அதுவும் அடங்கியது. பழைய 4 மில்லிஆம்பியர் இலவசமாகச் செய்து வந்த வேலை.

மறுவாரம் சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

“ஏனுங்க, முன்னெல்லாம் 6.50-ல அசையாம நிக்கும். இப்ப 6.47ங்குது, 6.52ங்குது, ஆடிட்டே இருக்குதுங்க. எதையோ கெடுத்துட்டுப் போயிட்டீங்களா?”